ஒன்பது சக்கரவர்த்திகளும் ஓர் அப்பளமும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், எனக்குச் சொன்னவருக்கே தெரியாது. ராஜாவின் பெயர் இரத்தினகேசரி. சண்டைக்குப் போக மாட்டார், வரி வாங்குவதிலும் கெடுபிடி கிடையாது. தங்கமான மனுஷர்தான். ஆனால் பொம்மை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். நவராத்திரி வந்தால் அரண்மனையில் ஒன்பது படி கட்டிக் கொலு வைப்பார்கள். மற்ற வீடுகளில் அது பெண்கள் பார்க்கிற காரியம். இந்த அரண்மனையில் ராணி ஒரு செட்டியார் பொம்மையை நகர்த்த வேண்டும் என்றாலும் ராஜாவிடம் உத்தரவு வாங்க வேண்டும்.

போன வருஷம் ஒரு வினை நடந்துவிட்டது. பக்கத்து நாட்டு ராஜா இவருக்குச் சம்பந்தி. அவர் கொலு பார்க்க வந்தார். ஒன்பது படியையும் மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். கொடுத்த சுண்டலை வாயில் போட்டு மென்றார். "சுண்டல் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான், நம் ராஜாவுக்கு அந்த வருஷம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நவராத்திரிக்குச் சம்பந்தி சுண்டலை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டும் என்று அன்றைக்கே சபதம் போட்டுவிட்டார்.

அந்தச் சபையில் விகடனாக இருந்தவன் மருதக்கூத்தன். ஒல்லியான ஆள், முகத்துக்குப் பொருந்தாத பெரிய காது. ராஜாவையும் ஊரையும் சிரிக்க வைப்பது அவன் பிழைப்பு. அவனே மனம்விட்டுப் பேசுவதற்கு இருந்தது கோமளம்தான். கோமளம் என்றால் யாரோ என்று நினைத்துவிட வேண்டாம், அரண்மனைப் பெண் யானை. அவன் சபைக்கு வந்த வருஷம்தான் அதுவும் குட்டியாக வந்தது. தினமும் காலையில் மடியில் ஓர் அச்சு வெல்லம் கட்டிக்கொண்டு போவான், சபையில் சொல்லப் போகிற வேடிக்கையை முதலில் அதனிடம் சொல்லிப் பார்ப்பான். ராஜா சிரித்தால் பயந்து சிரிக்கிறவர்கள் பத்துப் பேர் உண்டு, கோமளம் அப்படியில்லை என்பான்.

கோமளத்துக்கும் அரண்மனையில் ஓர் உத்தியோகம் உண்டு. எந்த நாட்டு ராஜா விருந்துக்கு வந்தாலும் வெள்ளி அண்டாவிலிருந்து பன்னீரை உறிஞ்சித் தலைமேல் பொழிய வேண்டும். நனையாமல் உள்ளே போன விருந்தாளி கிடையாது. அப்படி ஒரு நாள், பன்னீர் பொழிந்த கையோடு, பக்கத்தில் நின்ற பண்டசாலைத் தலைவர் நாகநம்பியின் தலைப்பாகையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டது. நாகநம்பியின் வழுக்கை வெயிலில் பளபளத்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இது மருதக்கூத்தன் சொல்லிக்கொடுத்த வித்தைதான் என்று நாகநம்பி அன்றைக்கு முடிவு கட்டினார். சொல்லிக்கொடுத்தது அவன்தானா என்றால், அந்தப் பேச்சு இப்போது எதற்கு? அன்றிலிருந்து அந்த மனுஷருக்கு யானையைக் கண்டாலும் ஆகாது, விகடனைக் கண்டாலும் ஆகாது.

இந்த வருஷம் நவராத்திரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நாகநம்பி ஒரு வணிகனைச் சபைக்கு அழைத்துவந்தார். பெயர் குபேரதத்தன். கப்பலில் வந்தவன். நாலு ஆள் ஒரு சந்தனப் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார்கள், வைக்கும்போதே "மெல்ல, மெல்ல" என்று அவன் நாலு தடவை சொன்னான். மூடியிருந்த பட்டுத் துணியை விலக்கினான். முழ உயரத்தில் ஒன்பது பொம்மைகள், ஒன்பது தேசத்துச் சக்கரவர்த்திகள். ஒருவர் மீசையை முறுக்குகிறார், ஒருவர் ரோஜாவை முகர்கிறார், ஒருவர் கண்ணில் யாரையோ மன்னித்துவிட்ட சாந்தம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மருதக்கூத்தனே எட்டி எட்டிப் பார்த்தான்.

சந்திரகாந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கி, எரிமலைத் தீயில் உருக்கி வார்த்தவை என்றான் குபேரதத்தன். ஆயிரம் வருஷம் நிற்கும், பேரனுக்குப் பேரன் கொலு வைத்தாலும் மெருகு குறையாது. இந்த ஒன்பதைத் தவிர உலகத்தில் வேறு கிடையாது, அச்சைத் தன் கையாலேயே உடைத்துவிட்டானாம். கடைசியாக ஒரு போடு போட்டான். "தங்கள் சம்பந்தியார்கூட நேற்று ஆள் அனுப்பிக் கேட்டார், மகாராஜா."

ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். விலை என்ன என்று கேட்டார். பொன் வேண்டாம், பொருள் வேண்டாம், வாசலில் நிற்கிற யானையைக் கொடுத்தால் போதும் என்றான் வணிகன். கடலுக்கு அப்பால் யானையைக் கண்ணால் பார்த்திராத ராஜாக்கள் இருக்கிறார்கள், நல்ல விலைக்குப் போகும். நாகநம்பி உடனே எடுத்துக் கொடுத்தார். "யானைக்கு எத்தனை வயது, மகாராஜா? எழுபதோ எண்பதோ. இவை ஆயிரம் வருஷம் இருக்கப் போகிறவை."

மருதக்கூத்தன் சட்டென்று எழுந்தான். முன்னால் வந்து கும்பிட்டான். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள், மகாராஜா. சந்தையில் சட்டி வாங்கினாலே தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? அடியேன் இவற்றை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாமா?"

விரலை நீட்டினானோ இல்லையோ, குபேரதத்தன் பட்டுத் துணியை இழுத்து மூடிவிட்டான். சக்கரவர்த்திகளைச் சட்டியோடு சேர்த்துப் பேசுவதா என்று முகம் சிவந்தான். நாகநம்பிக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா?

"மகாராஜா, விகடர் இவற்றைப் போலி என்கிறார். நல்லது, நாளைக்குக் கப்பல் புறப்படுவதற்குள் சபை நடுவே நிரூபிக்கட்டும். ஆனால் அவர் விரல் படக்கூடாது, கோல் படக்கூடாது, பொம்மைகளுக்கு ஒரு கீறலும் விழக்கூடாது. நிரூபிக்க முடியாவிட்டால் யானைக்குத் தழை வெட்ட ஓர் ஆள் வேண்டுமல்லவா? அவரும் கப்பலேறட்டும்" என்றார்.

ராஜாவுக்கு இது வேடிக்கையாகப் பட்டது, சரி என்றுவிட்டார். தொடாமல் எப்படித் தட்டிப் பார்ப்பது என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை. மருதக்கூத்தனும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். 

சாயங்காலம் யானைக் கொட்டாரத்துக்குப் போனான். பாகன் தவசி தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். "அண்ணே, இவ ஆத்துத் தண்ணியத் தவிர வேற தண்ணி பார்த்ததில்லண்ணே. கப்பலோட அடித்தட்டுல கட்டிப் போட்டா மூச்சு முட்டியே செத்துப் போவாளே" என்றான். கோமளம் வழக்கம்போல் துதிக்கையை நீட்டி மருதக்கூத்தனின் மடியைத் துழாவிற்று. வெல்லம் இல்லை, கொண்டுவர மறந்திருந்தான். இரண்டு தடவை துழாவிவிட்டு, பரவாயில்லை என்பதுபோல் துதிக்கையை அவன் தோளில் போட்டது.  அவன் அந்த இடத்தில் நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டான்.

வீட்டு மாடியில் அவன் மனைவி உலகம்மை வேட்டியை விரித்து அப்பளம் காயப் போட்டிருந்தாள். இவன் யோசனையாக உட்கார்ந்து ஒன்றைக் கையில் எடுத்தான்.

"அதைத் தொடாதீங்க" என்றாள் அவள். "இன்னும் சரியா காயல. கை அழுந்தினாலும் போச்சு, ஈரம் பட்டாலும் போச்சு."

"யாருமே தொடாம வச்சிருந்தா எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"தொடாம வச்சிருந்தா எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கும். நீங்க என்ன, அப்பளத்தைத் திங்கக் கேக்குறீங்களா, பார்க்கக் கேக்குறீங்களா?"

மருதக்கூத்தன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனுஷனுக்குப் பயத்தில் புத்தி கலங்கிவிட்டதோ என்று அவள் திருநீறு எடுக்க ஓடினாள். அவனோ நன்றாகக் காய்ந்த அப்பளமாக ஒன்றைப் பொறுக்கி வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் கோமளத்துக்கு இரண்டு அச்சு வெல்லம், நேற்றையதும் சேர்த்து. நேரே சபைக்குப் போனான். கூட்டம் நெரிந்தது. நாகநம்பி புதுத் தலைப்பாகை கட்டி வந்திருந்தார். ராஜா, ஆரம்பிக்கலாமா என்று கேட்டார்.

"ஆரம்பிக்கலாம், மகாராஜா. அதற்கு முன் மனத்தில் ஒரு குறை. ஒன்பது சக்கரவர்த்திகள் நம் வாசலுக்கு வந்து ஒரு பகலும் ஓர் இரவும் ஆயிற்று. வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியில் அடைத்து வைத்திருக்கிறோம். தங்கள் சம்பந்தியார் காதில் விழுந்தால் என்ன சொல்வார்?"

சம்பந்தி என்றதுமே ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உண்மைதான். நம் அரண்மனைக்கு வரும் ராஜாக்களுக்கு என்னென்ன உபசாரம் உண்டோ அத்தனையும் இவர்களுக்கும் நடக்கட்டும். ஒன்று குறைந்தாலும் பொறுக்க மாட்டேன்" என்றார்.

அழைத்துவந்தவர் கையாலேயே செய்வதுதான் முறை, தன் கைதான் படக்கூடாதே, தான் ஓரமாக நின்று உபசார ஓலையை வாசிப்பதாகச் சொன்னான் மருதக்கூத்தன். நாகநம்பிக்குப் பெருமை பிடிபடவில்லை. அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். உபசார ஓலை என்பது அந்த அரண்மனையில் பாட்டன் காலத்திலிருந்து வருவது, யார் வந்தாலும் அதை வாசித்துத்தான் வரிசையாகச் செய்வார்கள்.

"முதலாவது, பாதம் கழுவுதல்" என்று வாசித்தான்.

நாகநம்பி வெள்ளிச் செம்பைச் சாய்க்கப் போனார். குபேரதத்தன் பாய்ந்து வந்து செம்பைப் பிடித்துக்கொண்டான். இவர்கள் தேசத்தில் அந்நியர் காலைக் கழுவினால் அவமதிப்பாம். சரி, விட்டுவிடு என்றார் ராஜா.

அடுத்தது சந்தனம் பூசுதல். கிண்ணத்தைப் பார்த்ததும் வணிகன் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தான். ஈரச் சந்தனம் இவர்கள் மேனிக்கு ஆகாதாம். அதையும் விட்டார்கள். மூன்றாவது மாலை. ரோஜாவை முகர்கிற சக்கரவர்த்திக்கு ஒரு முழம் மல்லிகைச் சரத்தை நாகநம்பி போடப் போக, கழுத்து கனம் தாங்காது என்று வணிகன் அலறினான்.

"ஒரு முழம் மல்லிகையின் கனமா?" என்று கேட்டார் ராஜா. கேட்ட குரலில் முன்னிருந்த குழைவு இல்லை.

ஆரத்தி என்று வாசித்தால், சூட்டில் முகம் வெடித்துவிடும். சாம்பிராணி என்று வாசித்தால், புகையில் நிறம் மங்கிவிடும். பல்லக்கில் ஊர்வலம் என்றால் குலுங்கக் கூடாது, வெயிலும் ஆகாது. ஒவ்வொன்றுக்கும் ராஜா சிம்மாசனத்திலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கிவந்தார். நாகநம்பியின் புதுத் தலைப்பாகை வேர்வையில் ஊறிப்போயிற்று. ஆழம் தெரியாமல் காலை விட்டோமே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது, ஆனால் ராஜ உத்தரவு, பாதியில் நிறுத்த முடியுமா? வணிகன் மட்டும் இன்னும் அசையவில்லை. உயர்ந்த இடத்தில் பிறந்தவர்களுக்கு உபசாரம் பிடிப்பதில்லை, மற்றபடி உள்ளும் புறமும் கல்தான் என்று சத்தியம் பண்ணினான்.

பொழுது ஏறிக்கொண்டிருந்தது. ஓலையில் இன்னும் ஒரே ஒரு வரிதான் பாக்கி. இதற்கும் அவன் சாக்குச் சொல்லித் தப்பிவிட்டால் கோமளம் போயிற்று என்று மருதக்கூத்தனுக்குத் தெரியும். 

"கடைசியாக, பன்னீர்" என்று வாசித்தான்.

வாசற்கதவு திறந்தது. தவசி முன்னால் வர, நெற்றிப்பட்டம் கட்டிய கோமளம் ஆடி அசைந்து வந்தது. அண்டாவில் துதிக்கையை விட்டு உறிஞ்சிற்று. இத்தனை வருஷமாகச் செய்கிற வேலை, யாரும் சொல்ல வேண்டியதில்லை. நேரே சந்தனப் பெட்டிக்கு எதிரே போய் நின்று, துதிக்கையைத் தூக்கிற்று.

தவளை தன் வாயால் கெடும் என்பது பொய்யா? இத்தனை நேரம் செந்தமிழில் பேசிய குபேரதத்தன் பெட்டிமேல் குப்புற விழுந்து ஒன்பது பேரையும் கட்டிக்கொண்டான். "ஐயையோ, வேணாம்! பச்சை மண்ணுங்க! தண்ணி பட்டா கரைஞ்சு போயிடும்!"

 கோமளம் தூக்கிய துதிக்கையோடு அப்படியே நின்றது.

"என்ன மண்?" என்று கேட்டார் ராஜா.

குபேரதத்தன் எழுந்திருக்கவே இல்லை. ஆற்றங்கரைக் களிமண், சுடாதது, மேலே அரக்கும் வர்ணமும் என்று படுத்தபடியே ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான். அச்சை உடைத்ததும் பொய், கப்பலில் இன்னும் நாற்பது சக்கரவர்த்திகள் இருந்தார்கள். எல்லாம் தெரிந்துதான் நாகநம்பி அழைத்துவந்தார் என்பதையும் சொன்னான்.

ராஜா திரும்பி நாகநம்பியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். மருதக்கூத்தன் பணிவாகக் குனிந்து, "மகாராஜா, உறிஞ்சிய பன்னீரைத் திரும்ப அண்டாவில் விடுகிற வழக்கம் கோமளத்துக்கு இல்லை. விருந்தாளிகளோ வேண்டாம் என்றுவிட்டார்கள். அழைத்துவந்தவர் பக்கத்திலேயே நிற்கிறார்" என்றான்.

ராஜா ஒரு விரலை அசைத்தார். தவசி நாக்கைச் சொடுக்கினான். துதிக்கையில் இருந்தது அத்தனையும் நாகநம்பியின் தலையில் இறங்கிற்று. இறங்கியதும், நனைந்த தலைப்பாகையைக் கோமளம் பூப்போல எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டது. சபையே விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

அவர் பெட்டியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, மீசை முறுக்கும் சக்கரவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசைப்பட்ட பொருள் போலி என்று தெரிந்தால் யாருக்கும் வருத்தம்தானே. "மருதக்கூத்தா, ஆயிரம் வருஷம் நிற்கிற பொருள் உலகத்தில் ஒன்றுகூட இல்லையா?" என்று கேட்டார்.

"ஏன் இல்லாமல், மகாராஜா? கையோடு கொண்டுவந்திருக்கிறேன்." வெற்றிலைப் பெட்டியைத் திறந்து அப்பளத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். "அடியேன் மனைவி இட்டது. தண்ணீர் படக்கூடாது, சூடு ஆகாது, மாலை போடக்கூடாது, குலுக்கக் கூடாது, யாரும் தொடவும் கூடாது. அப்படி வைத்திருந்தால் இதுவும் ஆயிரம் வருஷம் நிற்கும்."

ராஜா அப்பளத்தைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார். முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கிற்று. அப்புறம் சிரித்தார் பாருங்கள், கோமளம் காதை விரித்துத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அப்பளத்தை வாங்கிப் படக்கென்று இரண்டாக உடைத்து, "இதைப் பொரித்துக் கொண்டுவரச் சொல், ஆயிரம் வருஷம் காத்திருக்க என்னால் ஆகாது" என்றார்.

நாகநம்பியின் பண்டசாலைச் சாவி அன்றைக்கே கைமாறிற்று. மருதக்கூத்தனிடம் என்ன வேண்டும் கேள் என்றார் ராஜா. கோமளத்தை எந்தக் காலத்திலும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஓர் ஓலை போதும் என்றான். ராஜா அங்கேயே எழுதி முத்திரை வைத்தார். அதோடு விடாமல் தம் கையிலிருந்த காப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். மருதக்கூத்தன் அதைக் காதோரம் வைத்து, சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டான். ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

குபேரதத்தனைக் கழுவில் ஏற்றவில்லை. ஒன்பது சக்கரவர்த்திகளும் கொலுவில் ஏறினார்கள், அவனும் பக்கத்தில் நின்றான். ஒன்பது நாளும் வருகிறவர்களுக்கெல்லாம், "இது பச்சை மண்ணுங்க" என்று ஒவ்வொரு பொம்மையாகக் காட்டிச் சொல்ல வேண்டும், அதுதான் தண்டனை. கடைசி நாள் சம்பந்தி ராஜா வந்தார். வணிகன் சொன்னதைக் கேட்டார், யானையைப் பார்த்தார், நடந்த கதை முழுவதையும் கேட்டுச் சிரித்துச் சிரித்து வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டார். கையில் கொடுத்த சுண்டல் அப்படியே ஆறிப்போயிற்று.

அந்த ஊர்ச் சந்தையில், இது நூறு வருஷம் உழைக்கும், ஆயிரம் வருஷம் உழைக்கும் என்று எவனாவது கூவினால், வாங்க வந்தவர்கள் இன்றைக்கும் சண்டை போடுவதில்லை, பேரம் பேசுவதில்லை. "அப்படியா? கோமளத்தைக் கூப்பிடட்டுமா?" என்று மட்டும் கேட்பார்கள். கூவியவர்களில் பாதிப் பேர் அங்கேயே கடையைக் கட்டிவிடுவார்கள்.